முகவரி எழுதாத உறைகள்

வெள்ளவத்தை
2025 ஜனவரி 6

மதிப்புக்குரிய கிளெமென்ற் ஐயா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் பஸ்லா தாஸிம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். எமில்டா மிஸ் எழுதிப் படம் கீறிய சிறுவர் புத்தகங்கள் பதினெட்டும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைவிட எனக்குப் பெரிது, வாசித்த பிள்ளைகளுக்கு அவர் எழுதிய பதில் கடிதங்கள். இருபது வருடமாகச் சேர்க்கிறேன். பம்பலப்பிட்டியில் ஒரு பல் வைத்தியர், முகத்துவாரத்தில் ஒரு மீன் முதலாளி, கனடா போன ஒரு குடும்பம் விட்டுச்சென்ற அலுமாரி என்று தேடித் திரிந்து இதுவரை முப்பத்தொரு கடிதம் கிடைத்திருக்கிறது. மிஸ்ஸின் தூரிகை மூன்று, மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று, தண்ணீர்ச் சாயப் பெட்டி ஒன்று, இவற்றை அவரின் தம்பி மகள் நிலூஷா தந்தார். சாயப் பெட்டியில் நீலம் மட்டும் அடித்தகரம் தெரியத் தேய்ந்திருக்கிறது. ஏன் நீலம் என்று ஒரு கிழமையாக யோசிக்கிறேன்.

உங்கள் பெயரைச் சொன்னவரும் நிலூஷாதான். "ஜம்பட்டா வீதி அச்சகத்தில மாமியோட கிளெமென்ற் எண்டு ஒராள் வேலை செய்தவர். அவருக்குத் தெரியாத ஒண்டும் இல்லை. ஆனா ஆள் கொஞ்சம் நெருப்பு" என்றார். மன்னிக்கவும், சொன்னபடியே எழுதுகிறேன்.

எனக்கு விளங்காத விஷயம் இதுதான். முப்பத்தொரு உறைகளில் ஒன்றில்கூடப் பெயர் இல்லை, முகவரி இல்லை, முத்திரை இல்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம் மட்டும்: ஒரு கிணறு, ஒரு வாசல் கேற், கம்பியில் காயும் சட்டை. பிள்ளைகளுக்குப் பரிசாகக் கீறியிருக்கிறார் என்று நினைத்து ஒரு கட்டுரையும் எழுதிவிட்டேன். ஆனால் முகவரி இல்லாத கடிதம் எப்படி வீடு போய்ச் சேர்ந்தது?

அவர் கைப்பட்ட ஏதாவது உங்களிடம் இருந்தால் பார்க்க ஆசை. எந்த நாள் வரலாம்? போன் இலக்கம் கீழே இருக்கிறது.

பணிவுடன்,
பஸ்லா


கொட்டாஞ்சேனை
2025 ஜனவரி 19, ஞாயிறு

பஸ்லா ரீச்சருக்கு,

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இதை எழுதுவது பக்கத்து வீட்டு மாக்ரெட். கோயில் கந்தோரில் இருபது வருடம் ஞானஸ்நானப் பத்திரம் எழுதியவள். நான் "வர வேண்டாம்" என்றால் அவள் "தங்கள் வருகையைத் தவிர்க்குமாறு தாழ்மையுடன்" என்று எழுதுகிறாள். வெட்டச் சொல்லிவிட்டேன். வர வேண்டாம்.

போனும் வேண்டாம். என் வலது காது வேலை செய்வதில்லை. இடது காதுக்குப் போனில் பேசுகிறவர்களெல்லாம் தண்ணீருக்குள் நின்று பேசுகிற மாதிரி.

ஏன் வர வேண்டாம் என்றும் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நுகேகொடையிலிருந்து ஒரு மனிதர் ஆராய்ச்சி என்று வந்தார். மிஸ் எனக்குக் கீறித் தந்த துண்டுகள் ஆறு என்னிடம் இருந்தன. "போட்டோ எடுத்திட்டு நாளைக்கே தாறன் அங்கிள்" என்று கொண்டுபோனார். இன்னும் போட்டோ எடுத்து முடியவில்லை போல. இப்போது என்னிடம் மிச்சம் தலைக்குள் இருப்பதுதான். அதை ஒருவரும் பையில் போட்டுக்கொண்டு போக ஏலாது. கேட்பதைக் கடிதத்தில் கேளுங்கள்.

படங்கள் பரிசு இல்லை. கட்டுரையைக் கிழியுங்கள். அந்தப் படங்கள் எனக்காகக் கீறினவை.

அறுபத்தொன்றில் அச்சகத்தில் பியூனாகச் சேர்ந்தேன். வாசிக்கத் தெரியுமா என்று மனேஜர் கேட்டார். ஓம் என்றேன். முதல் நாளே மிஸ் என்னிடம் ஒரு கடிதம் தந்து கிராண்ட்பாஸில் ஒரு வீட்டில் கொடுக்கச் சொன்னா. காலையிலிருந்து பின்னேரம் வரை சுற்றினேன். ஆட்களிடம் கேட்கவும் வெட்கம். கடைசியில் கடிதத்தோடு திரும்பி வந்து, வீடு பூட்டு என்றேன். மிஸ் என் முகத்தைப் பார்த்தா. அடுத்த நாள் அதே கடிதம் வேறு உறையில் வந்தது. மேலே ஒரு வீடு, வாசலில் தண்ணீர்ப் பைப், பைப்புக்கு மேலே காகம். பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம் அப்படித்தான். வீதிப் பெயரை வாயால் சொல்லுவா, அது என் தலையில் நிற்கும். வீட்டைப் படம் சொல்லும். அந்தக் காலத்து வீட்டு இலக்கம் ஒன்றும் உதவாது, பதினாலுக்குப் பக்கத்தில் முப்பத்தொன்பது நிற்கும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் "உங்கள் வீட்டுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள்" என்று அச்சடித்திருக்குமாம். பிள்ளைகள் அதை விளையாட்டு என்று நினைத்தார்கள். நீங்களும் நினைத்தீர்கள். கொழும்புப் பிள்ளைகளுக்கு மிஸ் தபாலில் போடமாட்டா. "தபாலில போட்டா போய்ச் சேருறதுக்கிடையில பிள்ளை கலியாணம் முடிச்சிடும், கிளெமென்ற்" என்பா. நான் சனிக்கிழமைகளில் புத்தகக் கடைகளுக்குப் பார்சல் கொண்டுபோவேன். கடிதங்களும் அதே சைக்கிளில் போகும்.

நீலம் கடல். காலி வீதியில் நின்றால், குறுக்கே பிரிகிற ஒழுங்கை கடல் பக்கமா மற்றப் பக்கமா என்று தெரிய வேண்டுமே. படத்தின் அடியில் நீலக் கோடு இருந்தால் கடல் பக்கம். உங்கள் பெட்டியில் நீலம் தேய்ந்தது வெள்ளவத்தையாலும் பம்பலப்பிட்டியாலும்.

கிளெமென்ற்


வெள்ளவத்தை
2025 ஜனவரி 27

கிளெமென்ற் அங்கிளுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிறகு முப்பத்தொரு உறைகளையும் மேசையில் பரப்பினேன். பதினெட்டில் நீலக் கோடு இருக்கிறது. இத்தனை வருடம் அதை அழகுக்குப் போட்ட கோடு என்று நினைத்திருந்தேன். கட்டுரையைக் கிழித்துவிட்டேன்.

நான்கு உறைகளைப் படம் எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். எந்த வீடு, யார் வாங்கினார்கள் என்று நினைவிருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. நானும் மிஸ்ஸுக்கு எழுதினேன். எழுபத்தொன்பது ஓகஸ்ட் விடுமுறையில். எனக்கு ஒன்பது வயது. குடை பிடித்த நண்டின் கதை வந்த நேரம் அது. கதை முடியும்போதும் நண்டு தெருவிலேயே நிற்கும். "நண்டு வீட்டுக்குப் போனதா இல்லையா?" என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதியவர் எனக்கு மட்டும் எழுதவில்லை. மற்றப் பிள்ளைகளின் கடிதங்களை நான் இருபது வருடமாகத் தேடுவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கடிதங்கள் எப்போதாவது வழியில் தவறியதுண்டா?

அன்புடன்,
பஸ்லா


கொட்டாஞ்சேனை
2025 பெப்ரவரி 9, ஞாயிறு

ரீச்சருக்கு,

முதலாவது படம், கிணற்றுக் கட்டில் நாய். ஆமர் வீதிக்குப் பின்னால், மர்ஸூக் நானாவின் வீடு. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். நாய் கடிக்கும் என்று பிள்ளை கடிதத்தில் எழுதவில்லை. என் காற்சட்டை கிழிந்தது. மிஸ் அடுத்த முறை அந்த வீட்டுக்கு நாயைக் கீறும்போது பல்லையும் சேர்த்துக் கீறினா. உங்களிடம் இருப்பது பல் இல்லாத நாய், அப்படியென்றால் முதல் கடிதம்.

இரண்டாவது, சலூன் கதிரை. முகத்துவாரம். தகப்பன் முடி வெட்டுகிறவர். பொடியன் கடிதத்தை வாங்கி அங்கேயே கதிரையில் ஏறி இருந்து, தலை வெட்ட வந்த ஆட்களுக்கெல்லாம் சத்தமாக வாசித்தான். நான் நின்று கேட்காமல் வந்துவிட்டேன். எனக்கு வேறு வீடுகள் இருந்தன.

மூன்றாவது, மூன்று குடைகள். தெகிவளைப் பாலத்துக்கு இந்தப் பக்கம். உம்மு குல்தூம் என்று ஒரு பிள்ளை. மூன்று குடையும் அவளின் பெரியம்மாமாருடையவை. மூன்று பேரும் வாசலுக்கு வந்து ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டார்கள்.

நாலாவது மிஸ் கீறினது இல்லை. நீங்கள் கீறினது. மிஸ் கதவு கீறினால் கைப்பிடி எந்தப் பக்கம் என்று பார்த்துக் கீறுவா. தட்டுகிறவன் நான் அல்லவா. உங்கள் கதவுக்குக் கைப்பிடியே இல்லை. மாக்ரெட் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்த ஆள் நீங்கள், கிழவன் ஞாபகம் என்று கதை விடுகிறானா என்று பார்க்க ஒரு பொய்ப் படத்தை நடுவில் செருகினீர்கள்.

அதோடு, கடிதம் தவறியதுண்டா என்றும் கேட்கிறீர்கள். இருபத்திரண்டு வருடம். மழை, ஹர்த்தால், ஊரடங்கு. ஒரு கடிதத்தையும் நான் சாக்கடைக் கானில் போடவில்லை, பையிலே மறக்கவில்லை. வேலை என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான். எண்பத்து மூன்றில் அச்சகம் எரிந்தபோது பிள்ளைகள் மிஸ்ஸுக்கு எழுதினவை எல்லாம் சாம்பலாகின. நான் கொண்டுபோய்க் கொடுத்தவை மட்டும்தான் மிஞ்சின. அவற்றைத்தானே இப்போது பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

இனி எழுத வேண்டாம்.

கிளெமென்ற்

(ரீச்சர், இது மாக்ரெட். இதை எழுதினது அவருக்குத் தெரியாது. நீங்கள் எழுதுங்கோ. ஒவ்வொரு நாளும் தபால்காரனை எட்டிப் பார்க்கிறார்.)


வெள்ளவத்தை
2025 பெப்ரவரி 16

கிளெமென்ற் அங்கிள்,

நாலாவது படம் நான் கீறியதுதான். பழைய பொருள் சேர்க்கிறவர்களுக்கு வருகிற கெட்ட பழக்கம். ஆளையும் சோதிப்பது, பொருளையும் சோதிப்பது. மன்னியுங்கள். அந்தக் கதவை இப்போது பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உங்களில் பிழை சொல்ல நான் கேட்கவில்லை. ஆனால் இதைத் தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. மிஸ் எனக்குப் பதில் எழுதவே இல்லையா, எழுதி எங்கேயாவது போனதா? இரண்டில் எது என்று தெரிந்தால் போதும். இந்த உலகத்தில் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்.

வெள்ளவத்தை, கடல் பக்க ஒழுங்கை. சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை இருந்தது. ஒழுங்கையின் நடுவில் இலக்கம் 39/3. கீழே என் வாப்பா தாஸிமின் தையல் கடை, மேல்மாடியில் நாங்கள்.

பஸ்லா


கொட்டாஞ்சேனை
2025 மார்ச் 5, விபூதிப் புதன்

ரீச்சருக்கு,

காலையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். தவக்காலம் தொடங்கும் நாளில் ஒருவரோடு கோபமாக இருக்கக் கூடாது என்று மாக்ரெட் சொல்கிறாள். ஆகவே எழுதச் சொல்கிறேன்.

அந்த ஒழுங்கை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் அதற்குள் ஒரே ஒரு கடிதம்தான் போனது. எழுபத்தொன்பது ஒக்ரோபர், சனிக்கிழமை. மழை பெய்து விட்டிருந்தது. உறையில் நீலக் கேற், கேற்றுக்கு உள்ளே காய் நிறைந்த ஜம்பு மரம், மரத்தில் கயிற்று ஊஞ்சல். அடியில் நீலக் கோடு. போனேன். ஒழுங்கையின் இடது பக்கம் கடல் தெரிகிற இடத்துக்கு முன்னால் அதே கேற், அதே மரம், அதே ஊஞ்சல். ஒரு இலை கூட வித்தியாசம் இல்லை. தட்டினேன். உயரமான பறங்கி அம்மா ஒருவர் கையில் மாவோடு வந்தா. உறையைப் பார்த்துவிட்டு "இது எங்கட வீடெல்லோ!" என்று சிங்களத்தில் கத்தினா. என்னை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டு, கடதாசிப் பையில் ஜம்பு நிறையப் போட்டுத் தந்தா. திரும்பி வரும்போது கொள்ளுப்பிட்டி வரை தின்றுகொண்டு வந்தேன்.

படம் காட்டின வீட்டில் கொடுத்தேன். தையல் கடைக்கு என்று மிஸ் ஒரு படமும் கீறித் தரவில்லை.

கிளெமென்ற்


வெள்ளவத்தை
2025 மார்ச் 10

அங்கிள்,

நோன்பு பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த நேரத்தில் பொய் எழுத முடியாது.

அது என் கடிதம்தான். ஜம்பு மரம், நீலக் கேற், ஊஞ்சல், எல்லாம் நான் எழுதினது. ஆனால் அது எங்கள் வீடு இல்லை. நாலு வீடு தள்ளி ஐறீன் ஆன்ரியின் வீடு. எங்கள் வீட்டுக்கு முன்னால் எழுதக்கூடியதாக ஒன்றும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. புத்தகம் எழுதுகிற ஒருவருக்கு எழுதும்போது ஒரு மரமாவது இருக்க வேண்டாமா? ஐறீன் ஆன்ரியின் மரத்தை எடுத்து எங்கள் வாசலில் நட்டேன். கேற்றையும் சேர்த்து. இப்படிப் படம் கீறி, அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வீடு தேடி வருவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நாற்பத்தைந்து வருடம் எமில்டா மிஸ்ஸோடு கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்தோடுதான் பிள்ளைகளுக்கு அவர் கதைகளைப் படிப்பித்தேன். "எல்லாப் பிள்ளைகளுக்கும் பதில் எழுதியவர்" என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் உள்ளே ஒரு குரல் "எல்லாருக்கும் இல்லை" என்று சொல்லும். உங்களையும் சந்தேகப்பட்டேன். பிழை என்னில்.

ஐறீன் ஆன்ரியின் வீடு இப்போது இல்லை. ஏழு மாடி கட்டிவிட்டார்கள். ஆன்ரிக்கு ஒஸ்வால்ட் என்று ஒரு மகன் இருந்தார். அவர் எங்கேயென்று விசாரிக்கப் போகிறேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. முகவரியில் 39/3, மேல்மாடி என்று சரியாகத்தான் எழுதினேன். வீதியை மிஸ் வாயால் சொல்லுவா என்றீர்களே, மேல்மாடி என்று சொல்லவில்லையா?

பஸ்லா


கொட்டாஞ்சேனை
2025 மார்ச் 23, ஞாயிறு

பஸ்லா மகளுக்கு,

மாக்ரெட் வாசித்தபோது சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. ஒன்பது வயதில் அடுத்தவன் வீட்டு மரத்தைக் களவெடுத்திருக்கிறீர்கள். அதுவும் காயோடு.

மேல்மாடி பற்றிக் கேட்டீர்கள். நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தின கதை, மகள். எல்லாம் நினைவில் நிற்குமா?

ஒரு விஷயம் சொல்கிறேன். இத்தனை வருடம் இத்தனை கடிதம் கொண்டுபோனேன். ஒன்றின் உள்ளேயும் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் திறந்து வாசித்துச் சிரிப்பார்கள், துள்ளுவார்கள். ஒரு பிள்ளை அழுதது. நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வருவேன். மிஸ்ஸிடம் என்ன எழுதினீர்கள் என்று கேட்டதில்லை. கேட்டால், வாசிக்கத் தெரியாத ஆள் என்று நானே வாயால் சொன்ன மாதிரி ஆகிவிடும். அவவுக்குத் தெரியும். அவவுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

அந்தக் கடிதம் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள், மாக்ரெட் வாசிப்பாள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அதிகம் தேடிக் களைக்க வேண்டாம். வெயில் கடுமை.

கிளெமென்ற்


வெள்ளவத்தை
2025 ஏப்ரல் 10

அங்கிள்,

கிடைத்துவிட்டது.

ஒஸ்வால்ட் வத்தளையில் இருக்கிறார். பெருநாள் முடிந்து போன ஞாயிற்றுக்கிழமை போனேன். எழுபது வயது, பெரிய உடம்பு. ஜம்பு மரத்து வீடு என்று நான் வாய் எடுத்ததுமே கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வரவேற்பறைச் சுவரில், யேசுவின் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு உங்கள் உறை தொங்குகிறது.

"எங்கட பழைய வீடு. மம்மிக்கு உயிர். யாரோ ஒரு மனுஷன் சைக்கிள்ள வந்து சும்மா குடுத்திட்டுப் போனானாம்" என்றார்.

"உள்ள ஒரு கடிதம் இருந்திருக்குமே?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இருக்கு. படத்துக்குப் பின்னால. எங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆரிட்டயாவது குடுத்து வாசிப்பம் எண்டு டடி எத்தனை தரம் கேட்டார். மம்மி விடேல்லை. 'வாசிச்சா ஆற்ற கடிதம் எண்டு தெரிஞ்சிடும். தெரிஞ்சா திருப்பிக் குடுக்க வேணும்' எண்டா. சாகும் வரைக்கும் விடேல்லை."

"அது என்ர கடிதம்" என்றேன். அவர் சட்டத்தைக் கழற்றி, பின்பக்க மட்டையைப் பிரித்து, நாலாக மடித்த தாளை எடுத்து என் கையில் வைத்தார். உறையையும் நீட்டினார். இருபது வருடமாகச் சேர்க்கிறவள் நான், கை தன்பாட்டில் போனது. ஆனால் சுவரில் அது இருந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. "படம் உங்கட வீடு. நீங்க வையுங்க. கடிதம் எனக்கு" என்றேன்.

நீர்கொழும்பு ரோட் பஸ்ஸில் இருந்துதான் திறந்தேன். கேட்டீர்கள், அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

"அன்புள்ள பஸ்லா,

நண்டு வீட்டுக்குப் போனதா என்று கேட்டாய். போனது. அச்சகத்தில் எனக்குப் பதினாறு பக்கம்தான் தந்தார்கள். நண்டு பதினேழாம் பக்கத்தில் வீட்டுக்குப் போய், குடையை வாசலில் விரித்துக் காய வைத்தது.

உன் வீட்டுக்கு முன்னால் ஜம்பு மரமும் ஊஞ்சலும் நிற்பதாக எழுதினாய். ஆனால் நீ எழுதிய தாளின் மறுபக்கத்தில் 'கை 23, கழுத்து 15' என்று தையல் வெண்கட்டியால் எழுதியிருக்கிறது. முகவரியில் மேல்மாடி என்று இருக்கிறது. கோபம் இல்லை. உன் வயதில் நான் எங்கள் வீட்டு வளவில் யானை நிற்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னவள். நீ கேட்ட மரத்தை உறையில் கீறியிருக்கிறேன், வைத்துக்கொள். ஆனால் எனக்கு மற்றதைப் பார்க்கத்தான் ஆசை. உண்மையில் உங்கள் வீட்டுக்கு முன்னால் என்ன நிற்கிறது? ஒன்றும் இல்லை என்று எழுதாதே. ஒன்றும் இல்லாத வாசலை நான் இன்னும் காணவில்லை. எழுதி அனுப்பு, அதையும் கீறி அனுப்புகிறேன்.

இதைக் கொண்டு வருவது கிளெமென்ற் அண்ணன். நல்லவர், கொஞ்சம் கோபக்காரர். இந்த முறை படத்தைப் பார்க்க வேண்டாம், படம் சும்மா, தையல் கடைக்கு மேலே ஏறிக் கொடுங்கள் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்புகிறேன்.

எமில்டா"

அங்கிள், நான் ஒன்றும் கேட்கவில்லை. வாசித்ததை வாசித்தபடி எழுதினேன்.

பஸ்லா


கொட்டாஞ்சேனை
2025 ஏப்ரல் 27, ஞாயிறு

பஸ்லா மகளுக்கு,

மாக்ரெட் வாசித்து முடித்துவிட்டுக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திரும்ப வாசிக்கச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்ட முதல் கடிதம். அதில் என் பெயர் இருக்கிறது.

மிஸ் சொன்னது உண்மை. இரண்டு தரம் சொன்னா. "கிளெமென்ற், படத்தைப் பாக்காதேங்கோ. தையல் கடை. மேல ஏறிக் குடுங்கோ." எனக்கு நினைவு இருந்தது. போன கடிதத்திலும் நினைவு இருந்தது. உங்கள் முதல் கடிதம் வந்த நாளிலேயே, தாஸிம் என்ற பெயரை மாக்ரெட் வாசித்தபோதே, கடைப் பலகையில் அந்தப் பெயர் இருக்கும் என்று மிஸ் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு கடிதத்தையும் தவறவிடவில்லை என்று உங்களோடு சண்டை பிடித்தது அதனால்தான்.

ஒழுங்கைக்குள் போனேன். தையல் கடையையும் கண்டேன். சைக்கிளை நிறுத்தி ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் நாலு வீடு தள்ளிப் பார்த்தால் நீலக் கேற் தெரிகிறது, மரம் தெரிகிறது. மகள், நீங்கள் படித்த ஆள், ஆயிரம் புத்தகம் வாசித்திருப்பீர்கள். எனக்கு வாசிக்கத் தெரிந்தது மிஸ்ஸின் படம் ஒன்றுதான். அது ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. அதைப் பார்க்க வேண்டாம் என்று மிஸ்ஸே சொன்னாலும், இதோ கண்ணுக்கு முன்னால் அச்சொட்டாக அதே வீடு நிற்கிறது. மிஸ்ஸுக்குப் பிழைத்துவிட்டது, எனக்குத்தான் சரியாகத் தெரிகிறது என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு போய் அந்தக் கேற்றைத் தட்டினேன்.

அச்சகத்துக்குத் திரும்பியதும் மிஸ் கேட்டா: "மேல ஏறித்தானே குடுத்தனீங்கள்?" ஓம் மிஸ் என்றேன். நத்தார்ப் பண்டிகை நேரம் ஒரு தரம், பெரிய வெள்ளிக்குக் கிட்ட ஒரு தரம், "அந்த மேல்மாடிப் பிள்ளை பிறகு எழுதேல்லையே" என்று தனக்குள்ளே சொல்வதைக் கேட்டேன். காத்திருந்தது நீங்கள் மட்டும் இல்லை. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இனி நீங்கள் வரலாம். வந்து திட்டலாம். இடது காதுப் பக்கம் இருந்து திட்டுங்கள்.

மிஸ் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுத ஏலாமல் போனது என்னால். அதனால் நான் சொல்கிறேன், மாக்ரெட் எழுதுகிறாள். உங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றது இவைதான். மூன்று கால் பச்சை மேசை, நாலாவது காலுக்குச் செங்கல். மேசையில் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி, மூடியைத் திறந்து வைத்திருந்தது, புகை வந்தது. தலையில்லாத ஒரு மரப் பொம்மை, அதற்குப் பாதி தைத்த வெள்ளைக் கோட், ஒரு கை மட்டும். படிக்கட்டின் கீழே ஏழெட்டுச் சோடி செருப்பு. கானுக்கு மேலே போட்ட பலகையில் மஞ்சள் பூனை, நனையாத இடம் பார்த்துப் படுத்திருந்தது. மிஸ் கண்டிருந்தால் ஒரு புத்தகமே போட்டிருப்பா.

மேலே ஜன்னல். ஜன்னலில் ஒரு பிள்ளை, இரட்டைப் பின்னல், நாடியைக் கம்பியில் வைத்துக்கொண்டு என் சைக்கிள் பையையே பார்த்தது. நான் நிமிர்ந்து பார்த்ததும் கையைக் காட்டினது.

நான் மணியை ஒரு தரம் அடித்துவிட்டுப் போனேன்.

கிளெமென்ற்